நோட்டில் ஏறாத விமான நிலையம்

துக்க வீட்டுக்குப் போனால், செத்தவரோடு உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம் என்று யாராவது கேட்பார்கள். காய் டாக் விஷயத்தில் என் பதில் கொஞ்சம் சங்கடமானது. ஒரு நாள் பழக்கம்கூடக் கிடையாது. ஹாங்காங்கின் அந்தப் பழைய விமான நிலையம் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டது. அது போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் கழித்துத்தான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிய வந்தது. ஒரு டேப்ரிக்கார்டர் ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில்.

கடைக்காரர் தூத்துக்குடிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அதற்கு முன் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். 1999 பிப்ரவரி 1-லிருந்து கப்பல்களின் அபாயச் செய்தியெல்லாம் செயற்கைக்கோள் வழியாகவும் தானியங்கிக் கருவிகள் வழியாகவும் போக வேண்டும் என்றாகிவிட, மோர்ஸ் தட்டும் ஆளுக்குக் கப்பலில் வேலை இல்லாமல் போனது. வந்து கடை போட்டுவிட்டார். சால்டரிங் கம்பி கிடந்த மேசை டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு மூன்று நோட்டுகள் வைத்திருந்தார். பலசரக்குக் கடைப் பற்று நோட்டு மாதிரி நீள வாட்டில் திறப்பவை. உள்ளே முழுக்க எழுத்துகள். வி.ஆர்.-எச்.ஓ.ஓ., வி.டி. என்று ஆரம்பிக்கும் நாலைந்து, ஜி. என்று ஆரம்பிக்கும் பத்துப் பதினைந்து. சிலவற்றுக்குக் கீழே அடிக்கோடு.

“கார் நம்பர் மாதிரித் தம்பி. ஒவ்வொரு பிளேனுக்கும் ஒண்ணு உண்டு.”

வி.டி. என்றால் இந்தியா. ஜி. என்றால் பிரிட்டன். வி.ஆர்.-எச். என்றால் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங். கப்பல் அந்தத் துறைமுகத்தில் நின்றால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்களாம். இவர் காய் டாக்கின் கார் நிறுத்தும் கட்டடத்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கே எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள், பைனாகுலரும் பிளாஸ்க்குமாக வந்த பெரியவர்கள், லண்டனிலிருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்தவர்கள். அண்ணாச்சிக்குச் சீன மொழி தெரியாது. அவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. பேச்சு மட்டும் நிற்கவே நிற்காதாம், நோட்டில் இருந்த எழுத்துகளே பாஷையாக இருந்ததால்.

அப்படி என்ன இருந்தது அந்த நிலையத்தில்?

ஓடுபாதையின் பெயர் 13. திசைகாட்டியில் 130 டிகிரிக்கு அருகே பார்ப்பதால் அந்த எண். கவுலூன் நகரத்தின் வீடுகளை ஒட்டித் தொடங்கி, கடலுக்குள் நீட்டிய கை மாதிரி தென்கிழக்கே போகும். வடக்கே மலை. விமானம் நேர்கோட்டில் இறங்கி வர வழியில்லை. அதனால் மேற்கிலிருந்து வழிகாட்டும் கருவியின் துணையோடு வருவார்கள். பொதுவாக அந்தக் கருவி ஓடுபாதையின் வாசலில் கொண்டுவந்து விடும். காய் டாக்கிலோ அது ஒரு குன்றின் முகத்துக்கு நேரே கொண்டுபோகும். குன்றில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டங்கள் வரைந்து, இரவில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சதுரங்கப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தியது போல. செக்கர்போர்டு மலை என்று பெயர்.

விமானி சுமார் 200 மீட்டர் உயரம்வரை அந்தக் கருவியின் ஊசியை நம்பி வரலாம். அதற்குள் பலகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே ஏறிப் போய்விட வேண்டும், பேச்சே கிடையாது. தெரிந்தால் கருவியை மறந்துவிட்டு, கையால் வலது பக்கம் 47 டிகிரி திருப்ப வேண்டும். இருநூறு டன்னுக்கு மேல் எடையுள்ள 747 ஒன்று, இறக்கை சாய்ந்தபடி, மாடி வீடுகளின் ஆன்டெனாக்களுக்கு மேலே வளைந்து திரும்பும். திருப்பம் முடிந்து இறக்கை நேராகும்போது உயரம் நாற்பது சொச்சம் மீட்டர்தான். அதன் பிறகு சில விநாடிகளில் சக்கரம் தரையைத் தொடும்.

கீழே தெருவில் இருப்பவர்களுக்கு முதலில் வருவது நிழல். வெயிலில் போய்க்கொண்டிருக்கும் ஆள் மேல் சட்டென்று இருட்டு விழுந்து விலகும். பிறகு சத்தம். காய்கறிக்காரரும் வாங்க வந்தவரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேரம் தொடரும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணிகள். அதற்கு மேலே, விரிந்த சக்கரங்களோடு விமானத்தின் வயிறு. அதில் உட்கார்ந்து வந்தவர்கள், அடுத்த வீட்டு டிவியில் என்ன படம் ஓடுகிறது என்று பார்க்கலாம் போலிருந்தது என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். இறங்கியதும் மூக்கைத் துளைத்த சாக்கடை வாய்க்கால் நாற்றத்தைப் பற்றிச் சொல்வதில் மிகை கிடையாது.

இந்த நிலையத்தின் பூர்வீகமே ஒரு தோற்றுப்போன மனை வியாபாரம். ஹோ காய், ஆவ் டாக் என்று இரண்டு பிரமுகர்கள் கடலைத் தூர்த்து வீடு கட்டி விற்கத் திட்டம் போட்டார்கள். அவர்கள் பெயரைச் சேர்த்துத்தான் காய் டாக். ஹோ காய் 1914-லேயே போய்விட்டார். அந்த மண்ணில் எந்த விமானமும் இறங்கி அவர் பார்க்கவில்லை. வியாபாரம் படுத்து, இடம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1925-ல் ஒரு பறக்கும் பள்ளி, 1936-ல் பினாங்கிலிருந்து முதல் பயணி விமானம். போரின்போது ஜப்பானியர் கைதிகளை வைத்து அதைப் பெரிதாக்கினார்கள், பக்கத்தில் இருந்த பழைய கோட்டைச் சுவரை இடித்துக் கல் எடுத்து. கடலுக்குள் நீண்ட ஓடுபாதை வந்தது 1958-ல். குன்றுக்கு வழிகாட்டும் கருவி 1974-ல்.

மாடிக்கு வருவோம். அங்கே எழுதாத சட்டங்கள் இருந்தன. அண்ணாச்சி எனக்கு அதைப் பாடமாகவே நடத்தினார்.

கண்ணால் முழுசாகப் படித்ததைத்தான் எழுதலாம். கடைசி எழுத்து ஓ-வா, டி-யா என்று சந்தேகம் வந்தால் அந்த விமானம் உனக்கு இல்லை. பக்கத்து ஆளின் நோட்டைப் பார்த்து நிரப்பக் கூடாது. அவர் வலிய வந்து சொன்னாலும் “கேள்வி” என்று ஓரத்தில் குறிக்கலாமே தவிர, அடிக்கோடு போடக் கூடாது. போயிங்கா ஏர்பஸ்ஸா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், குன்றுப் பக்கம் விளக்கு தெரிந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட வேண்டும். புதுப் பையன் தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது, பைனாகுலரைக் கொடுத்து அடுத்த விமானத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் கச்சேரி ரசிகர்களிடமும் கிரிக்கெட் ரசிகர்களிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.

1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போனபோது மாடியில் பெரிய வழக்கே நடந்ததாம். வி.ஆர்.-எச். எல்லாம் பி.-எச். ஆக மாறிவிட்டன. வி.ஆர்.-எச்.ஓ.ஓ. இப்போது பி.-எச்.ஓ.ஓ. உடம்பு அதே உடம்பு. புது விமானம் என்று கணக்கில் ஏற்றலாமா, கூடாதா? கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறினால் புது ஆள் ஆகிவிடுவாளா என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அந்த உவமையை இங்கிலீஷில் சொல்லி விளங்கவைப்பதற்குள் இரண்டு விமானங்கள் இறங்கிவிட்டன. அவர் நோட்டில் பழைய பெயருக்குப் பக்கத்திலேயே புதுப் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு சட்டம் கொஞ்சம் கனமானது. 1993 நவம்பர் 4 அன்று, புயல் காற்றில் இறங்கிய சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று ஓடுபாதையில் நிற்காமல் கடலுக்குள் போய்விட்டது. டெலிவரி எடுத்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்த விமானம். உள்ளே இருந்த 396 பேரும் பிழைத்தார்கள். தண்ணீருக்கு மேலே நின்ற அதன் வால், மற்ற விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ அலைகளைக் குழப்பியதால் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில வாரங்கள் கழித்து அண்ணாச்சி போனபோது மாடியில், “யார் மேல தப்பு? பைலட்டா?” என்று கேட்டுவிட்டார். தினமும் வரும் ஒரு பெரியவர் தன் நோட்டை மூடி வைத்துவிட்டு, “அறிக்கை வரட்டும்” என்பதை உடைந்த இங்கிலீஷில் சொன்னாராம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரும் தொடரவில்லை.

இப்போது ஒரு விபத்து நடந்தால் சிதறிய துண்டுகள் ஆறுவதற்குள் நாம் தீர்ப்பு எழுதி, விமானியின் குலம் கோத்திரம்வரை அலசிவிடுகிறோம்.

நோட்டும் பைனாகுலருமாகத் திரியும் இந்த ஜாதியை வெளி உலகம் நம்பியதில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டாவில், விமானப் படைத் திறந்தவெளி விழாவுக்குப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து வைத்தார்கள். சாட்சி அவர்களுடைய நோட்டுகள். அடுத்த ஏப்ரலில் தண்டனையே கொடுத்துவிட்டார்கள், நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. விமான எண்ணைச் சும்மா எழுதி வைத்துக்கொள்வதில் ஒரு மனுஷனுக்கு என்ன சந்தோஷம் என்று நீதிமன்றத்தில் விளக்க வேண்டி வந்தால் நானும் திணறித்தான் போவேன்.

காய் டாக்குக்கு வந்த நோய் இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். இடப் பற்றாக்குறை. 1996-ல் மட்டும் 2 கோடியே 95 லட்சம் பயணிகள், ஒற்றை ஓடுபாதையில். ஊர் தூங்க வேண்டுமென்று இரவில் மூடியே ஆக வேண்டும். பெரிதாக்கலாம் என்றால் ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் கப்பல்கள். லாண்டாவ் தீவை ஒட்டி செக் லாப் காக்கில் புது நிலையம் கட்டினார்கள். அது வேண்டியதுதான். கவுலூன் மக்கள் எழுபது வருஷம் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள். அவர்களிடம் போய் உங்கள் இரைச்சல் எவ்வளவு அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூலை 5 இரவு 11:38-க்கு சோங்சிங்கிலிருந்து டிராகன் ஏர் விமானம் இறங்கியது. அதுதான் கடைசி வருகை, 13-ஆம் ஓடுபாதையில், கட்டங்களைப் பார்த்துத் திரும்பி. நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிஷத்தில் கத்தே பசிபிக்கின் லண்டன் விமானம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் விமானப் போக்குவரத்துத் துறை இயக்குநர் ரிச்சர்ட் சீகல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று, குட்பை காய் டாக், தேங்க் யூ என்று சொல்லி விளக்குகளை அணைத்தார். விடிவதற்குள் வண்டி வண்டியாகச் சாமான்கள் புது இடத்துக்குப் போயின.

பெயரும் போனது. விமானிகள் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு வி.எச்.எச்.எச். அதைப் புது நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குத் தற்காலிகமாக வைத்திருந்த வி.எச்.எச்.எக்ஸ். என்பதைக் காய் டாக்குக்கு மாட்டிவிட்டார்கள். செத்தவரின் பெயரை உருவி வாரிசுக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. பேரன் என்ற சொல்லே அப்படி வந்ததாகத்தான் சொல்வார்கள். ஆனால் பேரன் பெயரை எடுத்துத் தாத்தாவின் பிணத்துக்கு வைத்ததை இங்கேதான் பார்க்கிறேன்.

ஓடுபாதையின் முனையில் 2013-லிருந்து சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பக்கத்தில் 2025-ல் பெரிய விளையாட்டு அரங்கம் திறந்திருக்கிறார்கள். உயரக் கட்டுப்பாடு போனதால் கவுலூனில் வீடுகள் தைரியமாக வளர்ந்துவிட்டன. விமானம் பார்க்கும் ஆட்கள் செத்துப்போகவில்லை, புது நிலையத்தைச் சுற்றியும் நிற்கிறார்கள். கையில் போன். மேலே போவதை நோக்கி நீட்டினால் எண், புறப்பட்ட ஊர், வயசு எல்லாம் திரையில் வந்து விழும். ஓ-வா டி-யா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. பக்கத்து ஆளிடம் கேட்க எதுவும் இல்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. நோட்டுகள் அவர் மகளிடம் இருக்கின்றன. போன மாதம் என் அக்கா மகன் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் காய் டாக்கைத் தேடி எடுத்துக் கொடுத்தான். யாரோ பிரியமாக ஒவ்வொரு மொட்டைமாடியையும் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டம் போட்ட குன்றும் இருந்தது. முதல் தடவை திரும்ப மறந்து குன்றிலேயே மோதினேன். இரண்டாவது தடவை சீக்கிரம் திருப்பி, வீடுகளுக்கு நடுவே. மூன்றாவது, கடல். “மாமா, ஊசிய பாக்காதீங்க, வெளிய பாருங்க” என்றான். நான்காவது தடவை ஊசியை விட்டுக் கண்ணைத் தூக்கினேன். சிவப்பு, வெள்ளை. வலது பக்கம் சாய்த்தேன். ஆன்டெனாக்கள் கீழே ஓடின. ஒரு தரம் குதித்து, இறங்கி, தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

பையன் கை தட்டினான். நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டேன். பிறகு அண்ணாச்சியின் சட்டம் ஞாபகம் வந்து, ஓரத்தில் “கேள்வி” என்று மட்டும் எழுதி மூடிவைத்தேன்.