தாடனம்: அளவும் இசைவும்

கூரம் என்றவுடன் வரலாற்று மாணவர் நினைவுக்கு வருவது முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அப்பல்லவ சாசனம், வடமொழியிலும் தமிழிலும் அமைந்து, இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. அக்கொடைப் பங்குகளுள் ஒன்று, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பவருக்கு உரியதாகும். போரைப் போலவே சபா பருவமும் பாரதத்தின் பகுதியே. அவைக்கு இழுத்துவரப்பட்ட திரௌபதி கேட்ட வினாவும், அதற்கு விடையிறாத சான்றோரின் மௌனமும் இம்மண்டபத்தில் ஒலித்திருக்க வேண்டும். பெண்ணொருத்தியின் சொல் கேட்கப்பெறாது போனால் என்ன விளையும் என்பதைக் கேட்டறிந்த மண் இது. அவ்வினாவை அவையிலிருந்து அகத்துக்குக் கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இருவர் மனமொத்த உறவில் விளையாட்டாக நிகழும் அடித்தல், அஃதாவது நம் இன்ப நூல்கள் தாடனம் எனக் குறிப்பது, வரலாற்றில் எவ்வாறு எண்ணப்பட்டது, எங்கே தவறியது என்பது ஈண்டு ஆராயப்படும்.

இப்பொருளை முறையாக வகுத்த பழைய நூல் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம். அதன் காலத்தை ஆய்வாளர் பெரும்பாலும் கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கொள்வர். அந்நூலின் 2ஆம் அதிகரணத்து 7ஆம் அத்தியாயம், அடித்தலையும் அதனால் எழும் ஒலிகளையும் ஒருசேரப் பேசுகிறது. கலவி ஒருவகைப் பூசலை ஒத்தது என்னும் கருத்திலிருந்து தொடங்கி, புறங்கை, சற்றே வளைத்த விரல்கள், முட்டி, உள்ளங்கை என நான்கு வகை அடிகளை அது கூறும். ஒவ்வொன்றும் எவ்விடத்தில், எந்நிலையில், எத்துணை மெல்லத் தொடங்கி வளர வேண்டும் என்பதும் அங்கே கூறப்படுகிறது.

இதனையடுத்து வருவது தமிழராகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி. தென்னாட்டார் இந்நான்கோடு வேறு நான்கினையும் கையாள்வர் என்கிறார் நூலாசிரியர். மார்பில் கீலம், தலையில் கத்தரி, கன்னத்தில் ஊசி, மார்பிலும் விலாவிலும் குறடு என்பன அவை. இப்பெயர்கள் கருவிகளின் பெயர்களாயினும், 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியர் யசோதரர் இவற்றைக் கையின் அமைப்புகளாகவே விளக்குவர். தென்னாட்டு மகளிர் மார்பில் கீலத்தின் வடுவைக் காணலாம் என்று கூறும் வாத்ஸ்யாயனர், இது அந்நாட்டு வழக்கம் என்று அமைதி கூறி விட்டுவிடவில்லை. துன்பம் தருவது, மேன்மக்களுக்கு ஒவ்வாதது எனக் கடிந்து, பிற நாட்டார் இதனை மேற்கொள்ளலாகாது என்றும், வழக்கமுள்ள நாட்டிலும் தீங்கு பயப்பதை விலக்க வேண்டும் என்றும் அறுதியிடுகிறார்.

தம் கூற்றுக்கு அவர் காட்டும் சான்றுகள் மூன்று. சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்னும் கணிகையைக் கீலத்தால் கொன்றான். குந்தள நாட்டுச் சாதகர்ணி சாதவாகனன் தன் பெருந்தேவி மலயவதியைக் கத்தரியால் கொன்றான். ஊனமுற்ற கையினனான நரதேவன் ஊசியைத் தவறாகப் பயன்படுத்தி ஆடல்மகள் ஒருத்தியின் கண்ணைப் போக்கினான். இந்நரதேவனைப் பாண்டியனின் படைத்தலைவன் என்கிறது உரை. இவற்றை வரலாற்று நிகழ்ச்சிகளாக நிறுவுவதற்கு வேறு சான்று இல்லை. ஆயினும், இன்ப நூல் ஒன்று இரு மரணங்களையும் ஒரு குருட்டையும் பெயர் சுட்டி எழுதி வைத்திருப்பது சிறப்பாக எண்ணத்தக்கது. மூவரும் அதிகாரம் உடையவர். துன்புற்றோர் கணிகை, மனைவி, ஆடல்மகள் ஆகியோர். மறுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்பதை நூல் கூறவில்லை.

வேட்கையின் விரைவில் மனிதர் தம் செயலை அறியார் என்பதை, பாய்ந்தோடும் குதிரை வழியிலுள்ள குழிகளைக் காணாமையோடு ஒப்பிடுகிறது அந்நூல். ஆதலின் பெண்ணின் மென்மையையும் தன் வலிமையையும் அறிந்து நடக்க வேண்டும் என்றும், எல்லாக் காலத்தும் எல்லாரிடத்தும் இவை பொருந்தா என்றும் அது முடிக்கிறது. அளவைப் பற்றிய இவ்வறிவு இன்றும் செல்லும்.

ஆனால் அதே அத்தியாயத்தில் பெரியதோர் இடைவெளியும் உண்டு. அடியுண்ட பெண் எழுப்பும் ஒலிகளைத் தொகுக்குமிடத்து, அன்னையை விளித்தல், விலக்கும் சொல், விடுக என்னும் சொல், போதும் என்னும் சொல் ஆகியவற்றையும் நூல் அவ்வொலிகளோடு சேர்த்துவிடுகிறது. ‘போதும்’ என்பது இன்பத்தின் அணியாக எண்ணப்பட்டால், உண்மையிலேயே போதும் என்று கருதுபவள் எச்சொல்லால் அதை உணர்த்துவாள்? சித்திரசேனையும் அச்சொல்லைச் சொல்லியிருக்கலாம். அது விளையாட்டின் ஒலியாகவே கேட்கப்பட்டிருக்கலாம். அளவை வகுத்த நூல், நிறுத்தும் சொல்லைக் காவாது விட்டது.

தமிழ் அகமரபும் இவ்விடத்தில் உடன்வைத்து எண்ணற்பாலது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் வெளிப்படக் கூறுதல் இல்லை என்பது தொல்காப்பியக் களவியல் கொள்கை. குறிப்பாலும் மெய்ப்பாட்டாலும் தோழியின் சொல்லாலும் அவள் உள்ளம் புலப்படும். கவிதைக்கு இம்மரபு அளித்த அழகு பெரிது. ஆனால் பாட்டின் மரபை வாழ்க்கையின் விதியாகக் கொண்டால், பெண்ணின் மௌனம் இசைவாகவும் மறுப்பு நாணமாகவும் பொருள் கொள்ளப்படும் இடர் தோன்றும். வேட்கை குறிப்பால் உணர்த்தப்படலாம். மறுப்பு சொல்லால் கேட்கப்பட வேண்டும். ஊடல் மிகுதலை உப்பு மிகுதலோடு ஒப்பிட்ட வள்ளுவர், அகத்தின் இனிமை அளவில் இருப்பதைக் காட்டினார். உப்பின் அளவை உண்பவரே கூற வல்லார் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இலக்கியத்தில் காதலர் கைக்கொண்ட பொருள்கள் பெரும்பாலும் மெல்லியவை. பரிபாடலின் வையைப் புனலாட்டில் வண்ணநீரைப் பீச்சும் கருவிகள் வருகின்றன. காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தில் சினந்த இராவதி மன்னன் மீது தன் மேகலையை ஓங்குகிறாள். பிற நாடுகளிலும் இப்பொருள் பழமையானது. இத்தாலியின் தார்க்வினியாவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சார்ந்த எட்ரூஸ்கக் கல்லறை ஒன்றின் சுவரோவியத்தில், கலவியினூடே அடிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. 1886இல் கிராஃப்ட் எபிங் என்னும் மருத்துவர் இத்தகைய விருப்பங்களை நோய்களாகப் பெயரிட்டார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், மனமொத்த வயதுவந்தோரிடையே நிகழும் இத்தகைய விருப்பம் தன்னளவில் நோயாகக் கொள்ளப்படுவதில்லை. இசைவு இல்லாத இடமே அங்கு எல்லைக்கோடு.

இன்று இதனை விரும்பும் இணையர் தோல்வார், பல வார்களைக் கட்டிய சவுக்கு, மரத்தட்டை, பிரம்பு முதலியவற்றைக் கையாள்வதுண்டு. கருவியைத் தேர்வதில் வாத்ஸ்யாயனர் கூறிய அளவறிவே வழிகாட்டி. அகன்ற, நெகிழ்ந்த பொருள் விசையைப் பரப்பும். மெல்லிய, விறைத்த பொருள் ஓரிடத்தில் குவிக்கும். ஆகவே புதியவருக்குக் கையே முதற்கருவி. அதற்கு அடுத்தது அகன்ற மெல்லிய தோல். பிரம்பு பழகியவர்க்கே உரியது. விளிம்பில் பிசிர், ஆணித்தலை, விரிசல் உள்ளதை விலக்க வேண்டும். வாங்கியதைத் தன் முன்கையிலும் தொடையிலும் முதலில் அடித்துப் பார்த்து விசையை அறிய வேண்டும். தோலில் குருதி படிந்தால் முற்றத் தூய்மை செய்தல் அரிது. அதனைப் பிறரோடு பகிர்தல் ஆகாது.

இடத்தேர்வில் காமசூத்திரத்தின் தென்னாட்டு நான்கும் எச்சரிக்கைகளே. தலை, முகம், கண், கழுத்து, மார்பு, முதுகெலும்பு, சிறுநீரகம் அமைந்த கீழ்முதுகு, வால் எலும்பு, வயிறு, மூட்டுகள் ஆகியவை முற்றிலும் விலக்கத்தக்கன. சதைப்பற்று மிகுந்த புட்டத்தின் கீழ்ப்பகுதியும் தொடையின் பின்புற மேற்பகுதியுமே ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவை. மெல்லத் தொடங்குதலும் இடையிடையே நிறுத்திக் கேட்டலும் வேண்டும். மது அருந்திய நிலையிலும் சினத்திலும் கருவியைத் தொடலாகாது. குருதி உறையாமைக்கு மருந்து உண்போர், நீரிழிவால் உணர்விழந்தோர், கருவுற்றோர் இதனைத் தவிர்த்தல் நன்று. சிறுநீரில் குருதி, மரத்துப்போதல், பரவும் வீக்கம், தலைச்சுற்றல் தோன்றின் நாணாது மருத்துவரை அணுக வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது சொல். எதற்கு இசைவு, எதற்கு இல்லை என்பதை வேட்கை எழுமுன், தெளிந்த மனத்தோடு இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். விளையாட்டின் ஒலிகளோடு கலவாத ஒரு சொல்லை நிறுத்தக் குறியாக ஏற்படுத்த வேண்டும். வாய்பேச இயலாத நிலைக்குக் கையிலுள்ள பொருளைக் கீழே போடுதல் போன்ற குறியும் வேண்டும். அச்சொல் எழுந்தவுடன், காரணம் கேளாது கை தாழ வேண்டும். நேற்றுத் தந்த இசைவு இன்றைக்கு ஆகாது. முடிந்தபின் நீரும் போர்வையும் அருகிருப்பும் தந்து, மறுநாளும் உடலையும் மனத்தையும் வினவுதல் கடமை.

சட்டமும் இதே எல்லையை வேறு மொழியில் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது கடந்தவரின் இசைவை ஓரளவே ஏற்கிறது. மரணத்தையோ கொடுங்காயத்தையோ கருதிய செயலுக்கும், அவை நேரக்கூடும் என்று அறிந்து செய்த செயலுக்கும் அவ்விசைவு காப்பாகாது. அச்சத்தாலோ, தவறான எண்ணத்தாலோ தரப்பட்ட இசைவு இசைவன்று என்பது 28ஆம் பிரிவு. இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1993இல் பிரௌன் வழக்கில், உடற்காயம் விளைவித்த இத்தகைய செயல்களுக்கு இசைவு தக்க எதிர்வாதம் அன்று எனத் தீர்ப்பளித்தது. ஆதலின் காயத்தை நாடும் ஆட்டம் அறத்தாலும் சட்டத்தாலும் எல்லை கடந்ததாகும். மனைவி அஞ்சி உடன்படும் இல்லத்தில் நிகழ்வது விளையாட்டன்று, அது வன்முறையே. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும்.

கூரத்து மண்டபத்தில் பாரதம் கேட்டவர் திரௌபதியின் வினாவுக்கு விடை கூற இயலாது போயிருப்பர். காமசூத்திரம் சித்திரசேனையின் பெயரைத் தந்து, அவள் சொல்லைத் தரவில்லை. அகப்பாடல் எழுதும் இக்காலக் கவிஞர்க்கு இவ்விரு மௌனங்களும் ஒரு பணியை விட்டுச் சென்றுள்ளன. மெய்ப்பாட்டையும் குறிப்பையும் பாடிய தமிழ், ‘போதும்’ என்னும் சொல்லையும் அச்சொல் கேட்டவுடன் தாழும் கையையும் பாடுதல் வேண்டும்.