மட்டாஞ்சேரியின் ஆங்கிலமும் சட்டாம்பிள்ளைகளும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி முதன்முதலாக 1818இல் திறக்கப்பட்டது. தொடங்கியவர் டாசன் என்ற மிஷனரி. கொச்சி அரசும் கைகொடுத்தது. ஆனால் கொச்சி அரசின் ஆங்கிலக் கல்வி வேர்பிடித்தது மட்டாஞ்சேரியில் அல்ல. காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில். அங்கே 1845இல் தொடங்கிய தொடக்கநிலை ஆங்கிலப் பள்ளி 1875இல் கல்லூரியாக உயர்ந்து, பின்னாளில் மகாராஜா கல்லூரி என்ற பெயர் பெற்றது. அரண்மனையும் யூதர் தெருவும் மிளகுக் கிடங்குகளும் இருந்த இக்கரைக்குக் கொச்சின் கல்லூரி 1967இல்தான் வந்தது. காயலைத் தோணியில் கடக்கச் சிறிது நேரம் போதும். ஆங்கிலம் கடந்துவர அதைவிட நெடுங்காலம் பிடித்தது.

மொழிக்குப் பஞ்சம் இருந்த ஊர் அல்ல இது. மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி உருது, தமிழ் எல்லாம் சில தெருக்களுக்குள் புழங்கின. பட்டாளத்துத் துணிகளை வெளுக்க டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தோர் இன்றும் ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் கல்லில் துணி அடிக்கிறார்கள். இத்தனை மொழிக்காரர்கள் கூடும் துறைமுகத்துக்கு ஒரு பொதுப்பேச்சு வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த இடத்தில் இருந்தது போர்த்துகீசியக் கலப்புப் பேச்சு. 1663இல் கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர் பிடித்த பிறகும் அது ஓயவில்லை. புத்தகம் வழியாக அல்லாமல் வாய்வழியாகப் பரவிய பேச்சு அது. தமிழ் வீடுகளிலும் புழங்கும் மேசை, சன்னல், அலமாரி, சாவி ஆகிய சொற்கள் போர்த்துகீசியரோடு கரையேறியவை. கொச்சிப் போர்த்துகீசியக் கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வைப்பினில் 2010 ஆகஸ்டில் இறந்தார்.

ஆங்கிலம் வந்த விதம் வேறு. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியபின் ஃபோர்ட் கொச்சி மலபார் மாவட்டத்தின் துண்டாகச் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது; ஒட்டினாற்போல் இருந்த மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஆட்சியிலேயே நீடித்தது. ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற வணிக நிறுவனங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கோட்டைப் பக்கத்தில் இருந்தன. அங்கே ஆங்கிலம் வீட்டிலும் கிளப்பிலும் பேசப்பட்டது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு அது பில், இன்வாய்ஸ், கப்பல் சரக்குப் பட்டியல் என்ற உருவில் வந்தது. கணக்கு எழுதுகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும். சுமக்கிறவருக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. 1928இல் உள்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழைந்தபின் சுமை கூடியது, ஆனால் சுமப்பவர் நிலை மாறவில்லை. அன்றைய வேலைக்கான ‘சாப்பா’ என்ற உலோக வில்லையைக் கங்காணியான மூப்பன் கூட்டத்துக்குள் வீசுவார். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு வேலை. இந்த முறையை எதிர்த்த தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதிவேட்டைப் பிடித்தவருக்கும் சாப்பாவைப் பொறுக்கியவருக்கும் நடுவே இருந்த தூரத்தில் பள்ளிப் படிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக, இந்தப் பகுதியின் ஏழைக் குடும்பங்களுக்கு ஆங்கிலம் காகிதத்தின் மொழியாகவே அறிமுகமானது. பின்னர் அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் பரவியபோதும் இதே குணம் தொடர்ந்தது: பாடம் உண்டு, தேர்வு உண்டு, பேச்சு இல்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேறிய பிள்ளை, எதிரே ஒருவர் ஆங்கிலத்தில் பெயர் கேட்டால் வாயடைத்து நிற்கும். 1970களில் வளைகுடா வேலைகளும், அதன்பின் வெளிநாட்டுச் செவிலியர் பணிகளும் பெருகியபோது இந்தக் குறை காசாக மாறியது. ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்ற பலகை கேரளத்தின் எல்லாக் கடைத்தெருக்களிலும் தொங்கியது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் பேசக் கற்றார்கள். முடியாதவர்களுக்கு வேறு ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வேறு வழி, மாணவரே மாணவருக்குச் சொல்லித்தருவது, புதியதல்ல. அது தென்னிந்தியத் திண்ணையில் பிறந்தது என்று சொல்வதில் மிகை குறைவு. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, ஆசிரியர் சொன்னதை இளையவர்களுக்குத் திரும்பச் சொல்லிவைப்பான். இத்தாலியப் பயணி பியெட்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னடப் பகுதியில் சில சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலேயே ஒருவருக்கொருவர் பாடிக்கொண்டு, மணலில் எழுதிக் கணக்குப் படித்ததைக் கண்டு எழுதிவைத்தார். கேரளத்து எழுத்துப்பள்ளிகளிலும் ஆசானுக்கு அடுத்தபடி இருந்தவன் ‘சட்டம்பி’. மலையாளத்தில் அந்தச் சொல் இன்று ரவுடியைக் குறிக்கிறது. பழைய பொருளில் அது வகுப்புத் தலைவன். சீர்திருத்தத் துறவி சட்டம்பி சுவாமிகள் (1853–1924) பெயரில் ஒட்டியிருப்பது அந்தப் பழைய பொருள்தான். ஆசானிடம் பயின்றபோது அவர் வகுப்பின் சட்டம்பியாக இருந்தார்.

இந்த முறை இங்கிலாந்துவரை போனது சென்னை வழியாக. எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்கு ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்றார். ஆங்கிலேயப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதி அது. பெரும்பாலோரின் தாய்மார் இந்தியப் பெண்கள். ஒருநாள் குதிரையில் போகும்போது, ஒரு ‘மலபார்’ பள்ளியில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதை பெல் பார்த்தார். தமிழையும் மலபார் மொழி என்றே ஐரோப்பியர் அழைத்த காலம் அது. மணலில் எழுதவைக்கத் தம் ஆசிரியர்கள் மறுத்ததும், எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃப்ரிஸ்கினிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் ஆசிரியர்களைவிட நன்றாகக் கற்பித்தான். பெல் 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பின்பற்றப்பட்டது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இன்னொரு குழந்தை எழுத்துச் சொல்லித்தந்த எழும்பூர் விடுதியையே, பிற்காலத்தில் கொச்சியில் மாணவத் தன்னார்வலர்கள் நடத்திய ஆங்கில வகுப்புகளின் மூதாதை எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. பெல்லுக்கு இது செலவைக் குறைக்கும் உபாயமும்கூட. ஒரே ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கானோரைப் படிக்கவைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்ததும் ஐரோப்பா இந்த முறையைக் கைவிட்டது.

கொச்சி நகரம் தன்னார்வக் கற்பித்தலைப் பெரிய அளவில் கண்டது எழுத்தறிவு இயக்கத்தில். அறிவியல் பரப்பும் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து 1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் அதைத் தொடங்கின. சுமார் 20,000 தன்னார்வலர்கள் கற்பித்தார்கள். அவர்களில் மாணவர்களும் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்களும் ஏராளம். வகுப்புகள் வீட்டுத் திண்ணை, மீன்பிடிப் படகுத்துறை, தொழிற்சங்க அலுவலகம் என்று ஆள் இருந்த இடத்துக்கே போயின. எழுத்து தெரியவில்லை என்று நினைத்த முதியவர்களில் பலருக்குக் கண்தான் தெரியவில்லை என்பது வகுப்பு தொடங்கியபின் புரிந்தது. மூக்குக்கண்ணாடி திரட்டுவது தனி இயக்கமாக நடந்தது. 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி. பி. சிங் எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார். தாய்மொழி எழுத்தைப் பற்றிய இயக்கம் அது. ஆங்கிலத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் சம்பளமில்லாமல் ஒரு கல்லூரி மாணவி சேரிக்குப் போய்ப் பாடம் எடுப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல என்ற எண்ணத்தை ஊரில் ஊன்றியது அந்த ஓராண்டுதான்.

இந்த எண்ணத்துக்குச் சட்டகமும் தயாராக இருந்தது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், கேரளத்தில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. சேவை செய்த மாணவருக்குக் கேரளத்தில் கருணை மதிப்பெண் உண்டு. இதைச் சொல்லாமல் தன்னார்வத்தை முழுக்கத் தொண்டுள்ளமாக எழுதுவது நேர்மையாகாது. மதிப்பெண்ணுக்காக வந்து வகுப்பில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு, மணி எண்ணி முடித்துப் போனவர்களும் உண்டு.

மாணவத் தன்னார்வலர் ஆங்கிலம் கற்பிப்பதற்குக் கொச்சி தந்த முழுமையான எடுத்துக்காட்டு ‘மேக் எ டிஃபரன்ஸ்’. 2006இல் ஜிதின் நெடுமலயும் நண்பர்களும் கொச்சியில் தொடங்கிய அமைப்பு இது; தொடங்கும்போது அவர்கள் இருபதுகளின் வாசலில் இருந்த இளைஞர்கள். ஆதரவற்றோர் இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கு வார இறுதியில் ஆங்கில வகுப்பு என்பதே முதல் வேலை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பாடநூல்கள் வகுப்புக்கு வந்தன. கற்பிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும், ஓராண்டுக்குப் பொறுப்பேற்பார்கள். சில ஆண்டுகளில் கொச்சியைத் தாண்டி இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியது. 2010 நவம்பர் 6 அன்று மும்பைப் பல்கலைக்கழகத்தில் இந்த அமைப்பின் குழந்தைகளோடு அமெரிக்க அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா பாண்டி ஆடினார். படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதே 2006இல், ஆகஸ்ட் 15 அன்று, சென்னையில் இளைஞர்கள் ‘பூமி’ என்ற அமைப்பைத் தொடங்கி இல்லக் குழந்தைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரலானார்கள். ஒரே ஆண்டில் இரண்டு துறைமுக நகரங்களில் ஒரே யோசனை எழுந்ததற்குக் காரணம் தேடினால், இரண்டிலும் அப்போது தகவல் தொழில்நுட்ப வேலைகள் விரிந்து, ஆங்கிலப் பேச்சு நேர்முகத் தேர்வின் வாசலாகிவிட்டிருந்ததைக் குறிப்பிடலாம்.

இத்தகைய வகுப்பில் நடப்பது எளிமையானது, பாடநூலில் கிடைக்காதது. நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். கடை வைத்து விற்பது, தொலைபேசியில் பேசுவது, வழி கேட்பது என்று நடித்துப் பேசுவார்கள். தமிழர் ‘காலேஜ்’ என்பதை மலையாளி ‘கோளேஜ்’ என்பார். இரண்டும் லண்டனில் செல்லாது, இரண்டும் கொச்சியில் செல்லும் என்று நல்ல தன்னார்வலருக்குத் தெரியும். உச்சரிப்பைத் திருத்துவதைவிட வாயைத் திறக்கவைப்பதே பெரிய வேலை. ஆசிரியர் முன்னே தப்பாகப் பேச வெட்கப்படும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, பதினேழு வயது அக்காவின் முன்னே வெட்கப்படுவது குறைவு; அந்த அக்காவும் சில இடங்களில் தப்பாகப் பேசுவதைக் கண்டுபிடித்துவிட்டால் இன்னும் குறைவு. சட்டாம்பிள்ளையின் பலம் இதுதான். தனக்கு ஒரு படி மேலே இருப்பவனிடம் பிள்ளை கேள்வி கேட்கும். பத்துப் படி மேலே இருப்பவரிடம் கேட்காது. பலவீனமும் இங்கேதான் இருக்கிறது: இலக்கணம் ஏன் அப்படி என்று கேட்டால் பதில் வராது. அதைச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆசிரியரே வேண்டும்.

எல்லா ஏழைப் பிள்ளைகளுக்கும் முதலில் வேண்டியது ஆங்கிலமும் அல்ல. மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில் உள்ள வாத்துருத்தி தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பாகப் பெயர்பெற்றது. வடநாட்டிலிருந்தும் குடும்பங்கள் மாவட்டமெங்கும் வந்திருக்கின்றன. இவர்களின் பிள்ளைகள் வகுப்பில் திணறுவது மலையாளத்தில். 2017இல் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் இதற்கானது. பிள்ளையின் மொழி அறிந்த தன்னார்வலர்கள் பள்ளி தொடங்குமுன் காலை நேரத்தில், அந்த மொழியிலிருந்து தொடங்கி மலையாளத்துக்குக் கூட்டிப்போனார்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் தன்னார்வலரை நம்பிய திட்டமே, கொரோனாவில் விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பதே அதன் நோக்கம்.

ஆங்கில வகுப்பால் மட்டும் இல்லக் குழந்தையின் வாழ்க்கை மாறிவிடாது என்ற முடிவுக்கு ‘மேக் எ டிஃபரன்ஸ்’ அமைப்பே பின்னர் வந்தது. பள்ளிப் பாடம், வேலைக்கான தயாரிப்பு, இல்லத்தைவிட்டு வெளியேறியபின் தங்குமிடமும் துணையும் என்று தன் வேலையை அது மாற்றியமைத்துக்கொண்டது. சரியான முடிவு அது. தன்னார்வலர் ஏற்கும் பொறுப்பு ஓராண்டு. குழந்தை இல்லத்தில் இருப்பது 18 வயது நிறையும்வரை. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, பின்பராமரிப்பு 21 வயதுவரை கிடைக்கலாம்.