எலிசபெத்தின் குரலும் மரியாவின் பாடலும்

ஜெபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்களில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. திங்களும் சனியும் அதைத் தியானித்து, பிறரன்பு என்னும் வரத்துக்காக மன்றாடி, பத்து மணிகளை உருட்டுகிறோம். முதிய வயதில் கருவுற்ற உறவினருக்கு உதவ விரைந்த மரியாவின் அன்பை எண்ணுவது தகும். ஆயினும் இந்நிகழ்ச்சி நமக்குத் தந்த கொடை இன்னும் பெரியது. திருச்சபை நாள்தோறும் சொல்லும் இரண்டு ஜெபங்களுக்கு எலிசபெத்தின் வீட்டு வாசலே ஊற்று.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் காட்டும் அந்த வீட்டைச் சற்று உற்றுப் பார்ப்போம். எலிசபெத்தின் கணவர் செக்கரியா ஒரு குரு. ஆனால் வானதூதரின் சொல்லை நம்பாததால் பேச்சிழந்திருக்கிறார். எலிசபெத்து கருவுற்றபின் ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை. மௌனம் குடிகொண்ட இந்த வீட்டைத் தேடி, நாசரேத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து மரியா வருகிறார். எருசலேமுக்கு மேற்கே மலைச்சரிவில் உள்ள அயின் கரேம்தான் அவ்வூர் என்பது மரபு.

மரியா என்ன சொல்லி வாழ்த்தினார் என்று லூக்கா எழுதவில்லை. அந்த வாழ்த்தால் நேர்ந்ததை எழுதுகிறார். வயிற்றிலிருந்த குழந்தை துள்ளுகிறது. தாய் தூய ஆவியால் நிரம்பி, உரத்த குரலில் ஆசி மொழிகிறார். குருவின் நா கட்டுண்டிருந்த வீட்டில் அவர் மனைவியின் நா அவிழ்கிறது.

இக்காட்சிக்குப் பின்னே பழைய ஏற்பாடு ஒலிப்பதை மறைநூல் அறிஞர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். சாமுவேல் இரண்டாம் நூலில் உடன்படிக்கைப் பேழை யூதேயாவின் வழியே எடுத்துவரப்படுகிறது. ஆண்டவரின் பேழை தன்னிடம் வருவது எப்படி என்று தாவீது அஞ்சிக் கேட்கிறார். பேழை ஓபேது ஏதோமின் வீட்டில் மூன்று மாதம் தங்குகிறது; பின்பு அதன் முன்னே தாவீது துள்ளி ஆடுகிறார். எலிசபெத்தும் மரியா தன்னிடம் வருவது எப்படி என்று வியப்போடு கேட்கிறார், குழந்தை துள்ளுகிறது, மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். மாதா மன்றாட்டு மாலையில் மரியாவைப் பேழை என்று அழைக்கும்போது நாம் அறிக்கையிடுவது இந்த உண்மையைத்தான்: மனிதரிடையே இறைவன் குடியிருக்கும் இடமானார் அவர்.

இனி நம் ஜெபத்துக்கு வருவோம். மங்கள வார்த்தை ஜெபத்தின் முற்பகுதி இருவர் சொல்லால் ஆனது. முதல் சொற்கள் கபிரியேல் தூதருடையவை. அடுத்தவை எலிசபெத்தின் ஆசிமொழி. பாவிகளாகிய நமக்காக வேண்டும்படி கேட்கும் பிற்பகுதி, 1568இல் திருத்தந்தை 5ஆம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளை ஜெபப் புத்தகத்தின் வழியாக நிலைபெற்றது. ஆகவே ஜெபமாலை சொல்லும் ஒவ்வொருவரும் எலிசபெத்தின் இடத்தில், தம் வீட்டு வாசலில் நிற்கிறார். நாம் தேடிப் போகும் முன்னே இறைவன் நம்மைத் தேடி வந்துவிட்டார் என்பதைக் கண்டுகொள்வதே அந்த இடத்துக்குரிய ஜெபம். நோயில் கிடப்பவரும், பேச ஆளின்றித் தனித்திருப்பவரும் மணிமாலையைக் கையில் எடுக்கும்போது இந்த ஆறுதலே அவர்களுக்குக் கிட்டுகிறது.

மற்றொரு ஜெபம் மரியாவின் பாடல். தன்னைப் புகழ்ந்த சொற்களை அவர் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாமல் இறைவனிடம் சேர்க்கிறார். முன்னொரு காலத்தில் சாமுவேலின் தாய் அன்னா பாடிய பாடலின் சாயல் அதில் உண்டு. செருக்குற்றோர் சிதறுவதும், தாழ்ந்தோர் உயர்வதும், பசித்தோர் நிறைவதும் அதன் பொருள். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கிலேயே மாலைப் புகழில் நற்செய்திப் பாடலுக்கு இடம் உண்டு. இன்றும் குருக்களும் துறவியரும் மாலைதோறும் எழுந்து நின்று, சிலுவை அடையாளம் வரைந்து, அப்பாடலைச் சொல்கின்றனர். அந்த வேளையில் திருச்சபை முழுவதும் மரியாவின் இடத்தில் நிற்கிறது. மணிமாலையில் வருகையை ஏற்கிறோம்; மாலைப் புகழில் வருகை தருபவராகிறோம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஜெபம் முழுமை பெறாது.

இச்சந்திப்பின் விழா நெடுங்காலம் ஜூலை 2இல் கொண்டாடப்பட்டது. 1969இல் வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபின் மே 31க்கு மாறியது. எனினும் இலங்கையின் மடு மாதா திருத்தலத்தில் ஆடித் திருவிழா இன்றும் ஜூலை 2இல்தான். 1924இல் அன்னையின் திருவுருவத்துக்கு முடிசூட்டப்பட்டதும் அதே நாளில். உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் தேடியது அந்த வளாகத்தில். தாழ்ந்தோரை உயர்த்தும் இறைவனைப் பாடிய அன்னையிடம் அவர்கள் போனதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது.

1921இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனை இந்த மறைபொருளை ஒரு வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டது. அதன் முதல் பணி மருத்துவமனையில் ஏழை நோயாளிகளைச் சந்திப்பது. இன்றும் நம் பங்குகளில் சேனை உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடுகளைச் சந்திக்கிறார்கள்; நாள்தோறும் தவறாமல் மரியாவின் பாடலைச் சொல்கிறார்கள். பாடலும் சந்திப்பும் அங்கே பிரிவதில்லை. மரியாவும் பாடி முடித்ததும் திரும்பிவிடவில்லை. மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தார். நம் ஜெபமாலையும் அப்படி யாரோ ஒருவரின் வீட்டுக்கு நம்மைக் கூட்டிச்சென்று, அங்கே தேவைப்படும் காலம்வரை தங்கவைக்க வேண்டும். இரண்டாம் மறைபொருளில் நாம் கேட்கும் பிறரன்பு வரம் அதுவே.