தோலாவிரா
தோலாவிரா, இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், கட்ச் மாவட்டத்தில் உள்ள சிந்துவெளி நாகரிகத் தொல்லியல் களமாகும். பெரிய ரண் எனப்படும் உப்புப் பாலைவனத்தினுள், கதீர் என்னும் தீவில் இது அமைந்துள்ளது. 1990 முதல் ஆர். எஸ். பிஷ்ட் தலைமையில் இந்தியத் தொல்லியல் ஆய்வகம் இங்கு அகழாய்வு செய்தது. 2021இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

நீர் மேலாண்மை
வற்றாத ஆறு இல்லாத இந்நகரத்தார், மன்சார், மன்ஹர் ஆகிய பருவகால ஓடைகளின் வெள்ளத்தைத் தடுப்பணைகளால் திருப்பி, நகரைச் சுற்றி வெட்டிய நீர்த்தேக்கங்களில் சேமித்தனர்.

செல்லும் வழி
தொடருந்தில் புஜ் நகரை அடைந்து, அங்கிருந்து ராப்பர் வழியாக அரசுப் பேருந்தில் செல்லலாம். பேருந்துகள் மிகக் குறைவு. ஆகவே, திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்னரே கேட்டறிந்து, ஓர் இரவு தங்கும் ஆயத்தத்துடன் செல்வது நல்லது. களத்தில் நிழல் அரிது என்பதால் குடிநீரை உடன் கொண்டு செல்லவேண்டும்.