கருப்பையின் மீது சுமத்தப்பட்ட பழி

மட்டக்களப்பு நாட்டிலே குலத்தை எண்ணுவது தகப்பன் வழியால் அன்று. தாயின் குடியே பிள்ளையின் குடி. அக்குடியின் உட்கிளைக்கு எம் முன்னோர் இட்ட பெயர் 'வயிற்றுவார்' என்பது. மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் பாசிக்குடாவில் இன்றும் மறையவில்லை. இத்தனை உரிமையும் வயிற்றை வைத்தே கணிக்கப்படும் மண்ணில், அவ்வயிற்றுக்கு வரும் நோயைப் பற்றி மட்டும் வாய்திறந்து பேசுவார் இல்லை.

என் பெரியம்மா ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். முதற் பிள்ளையைப் பெற்றபோது அவருக்கு வயது 16. மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டபோது, ஓராண்டுக் காலம் அதனை ஒருவருக்கும் சொல்லாது மறைத்து வைத்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது கருப்பைக் கழுத்திலே புற்று முற்றியிருந்தது. "பெத்துப் பெத்துத் தேஞ்ச வயிறு, வேறென்ன செய்யும்?" என்றனர் அயலார். அதே ஒழுங்கையில் பிள்ளைப்பேறு இல்லாத மாமி ஒருவர் இருந்தார். சில ஆண்டுகளின் பின் அவருக்கும் கருப்பையிலே புற்றுக் கண்டது. "பெறாத வயிறு பழுதாகாமல் என்ன செய்யும்?" என்றனர் அதே அயலார்.

பெற்றாலும் குற்றம், பெறாவிட்டாலும் குற்றம். இவ்விரு தீர்ப்புக்களும் ஒன்றையொன்று மறுக்கின்றனவே என்று அன்று எவரும் கேட்கவில்லை. ஆயினும் எம்மூர்ப் பெண்களை மட்டும் நகைப்பதற்கு இடமில்லை. மருத்துவ உலகமும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் குழப்பத்திலேதான் தடுமாறிற்று.

இக்கதை இத்தாலியிலே தொடங்குகின்றது. 1842ஆம் ஆண்டு டொமெனிக்கோ றிகோனி ஸ்டேர்ண் என்னும் மருத்துவர், வெறோனா நகரின் 1760 முதல் 1839 வரையான மரணப் பதிவேடுகளைப் புரட்டி, புற்றுநோயால் இறந்த பெண்களை வகைப்படுத்தினார். மணமான பெண்களிடையே கருப்பைப் புற்று மிகுதி என்றும், கன்னியாஸ்திரிகளிடையே அது அரிது என்றும், அவர்களை வாட்டுவது மார்பகப் புற்றே என்றும் அவர் கண்டார். 1950ஆம் ஆண்டில் கனடாவின் கியூபெக் மாநிலத்து மருத்துவரான ஃபபியென் கன்யோன், சுமார் 13,000 கன்னியாஸ்திரிகளின் ஏடுகளை ஆராய்ந்து, கருப்பைக் கழுத்துப் புற்று ஒன்றையேனும் காணவில்லை என எழுதினார். அதன்பின் 'துறவியர்க்கு இந்நோய் இல்லை' என்பது பாடநூல் வாக்கியமாயிற்று. 1991இல் கிரிஃபித்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் மூலக் கணக்குகளை மீளப் படித்து, அவ்வளவு பெரிய முடிவைத் தாங்க அவை போதா என்று காட்டினார். முதன்மையான குறை யாதெனில், வெறோனாவின் பதிவேட்டில் கருப்பையின் கழுத்தும் உடலும் பிரிக்கப்படவில்லை என்பதே. ஒரே பெயரின் கீழ் இரு நோய்கள் ஒளிந்திருந்தன. கற்பின் பெருமைக்குச் சான்று கிடைத்ததென்ற மகிழ்ச்சியிலே பலர் அதனைக் கவனியாது விட்டனர் போலும்.

கருப்பையின் உடலில் வரும் புற்று, அதன் உட்சுவரிலே தோன்றுவது. ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு அச்சுவரை வளர்க்கின்றது. புரோஜெஸ்திரோன் அவ்வளர்ச்சிக்குக் கடிவாளமிடுகின்றது. கருவுற்ற மாதங்களில் இரண்டாவதன் ஆட்சியே ஓங்கி நிற்கும். ஆதலின் பிள்ளை பெற்ற பெண்களிடம் இந்நோய் குறைவு. பிள்ளை பெறாதவரிடமும் உடற்பருமனும் நீரிழிவும் உடையவரிடமும் மிகுதி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அமெரிக்க மருந்துக் கம்பனிகள் ஈஸ்திரோஜனைத் தனியாக விற்றுப் பொருள் குவித்தமையும், 1975இல் வெளியான ஆய்வுகள் அம்மருந்தை உண்டோரிடையே இப்புற்று மிகுந்ததைக் காட்டியமையும் இதற்குப் பெருஞ் சான்று. மாமியின் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. அதிலே அவர் செய்த குற்றம் என்ன?

கழுத்துப் புற்றின் வரலாறு வேறு. 1983இல் ஜேர்மனியரான ஹறால்ட் சூர் ஹவுசனும் அவர்தம் கூட்டாளிகளும் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையை இப்புற்றிலே கண்டு வெளியிட்டனர். அதற்காக 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்தத் தொற்று இன்றி இந்நோய் பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனின், பிள்ளைப்பேற்றுக்கு இதிலே பங்கில்லையா? உண்டு. 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, நோயுற்ற 16,563 பெண்களையும் நோயற்ற 33,542 பெண்களையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான கணக்கின்படி, ஏழும் அதற்கு மேலும் பெற்றவர்க்கு முற்றிய கழுத்துப் புற்று வரும் வாய்ப்பு, ஒன்றிரண்டு பெற்றவரிலும் 1.8 மடங்கு அளவில் உள்ளது. 17 வயதுக்கு முன் தாயானவர்க்கும், 25 வயதின் பின் தாயானவரோடு ஒப்பிட, ஏறத்தாழ அதே அளவு மிகை. கர்ப்பங்கள் கழுத்தின் மென்மையான பகுதியை நீண்டகாலம் வெளிப்புறம் காட்டிவைப்பதனால் வைரசுக்கு இடம் எளிதாகின்றது என்பர். ஆக, பேறு தனியே நோயைத் தருவதன்று, தொற்றுக்குத் துணைபோகின்றது.

அத்தொற்று எங்கிருந்து வந்தது என்பதே பலர் கேளாத வினா. ஆர்ஜென்டீனாவின் ஏவா பெறோன் பிள்ளை பெறாதவர். 1952ஆம் ஆண்டு தமது 33ஆம் வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றால் மாண்டார். நோயின் பெயர்கூட அவரிடம் சொல்லப்படவில்லை என்பர். அவர் கணவர் ஹுவான் பெறோனின் முதல் மனைவியும் 1938இல் கருப்பைப் புற்றாலேயே இறந்தவர். இதனைக் கொண்டு தனியொருவர் மீது தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. எனினும் 1982இல் லான்செட் ஏட்டிலே ஸ்கெக், டோல் முதலியோர் ஆணின் பங்கை வலியுறுத்தி எழுதும்வரை, ஆய்வாளரின் கண் பெரும்பாலும் மனைவியின் ஒழுக்கத்தையே துருவிற்று என்பதை நாம் மறத்தலாகாது. ஒரே ஆடவனோடு வாழ்ந்து ஒன்பது பெற்ற என் பெரியம்மாவுக்கு எவ்வழியால் நோய் வந்தது என்று ஊரிலே ஒருவரும் வினவவில்லை. வினவியிருந்தால் விடை பெரியப்பாவின் திண்ணையிலே போய் நின்றிருக்கும்.

பெண் எத்தனை பெறுவது, எந்த வயதிற் பெறுவது என்பன அவள் தனியே தீர்மானித்தவை அல்ல. 1953இல் இலங்கைப் பெண் ஒருத்திக்குச் சராசரி ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். அவ்வாண்டிலேதான் இங்கு குடும்பத் திட்டமிடற் சங்கம் நிறுவப்பட்டது. பெண் கல்வியும் மருத்துவிச்சியர் சேவையும் பரவ, நூற்றாண்டு முடியுமுன் அச்சராசரி இரண்டை அண்டி வந்தது. இத்தகைய மாற்றம் நோயின் கணக்கையும் மாற்றும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம் 1982 முதல் சென்னை நகரின் நோயாளரைப் பதிவு செய்து வருகின்றது. தொடக்க ஆண்டுகளில் அங்கே பெண்களின் நோய்களுள் கழுத்துப் புற்றே முதலிடம் பெற்றது. பின்னர் அது சரிய, மார்பகப் புற்று முந்திக்கொண்டது. அச்சரிவு தொடங்கியபோது தடுப்பூசி இருக்கவில்லை. மணவயதும் பேற்றின் தொகையும் வீட்டு வசதியும் மாறியிருந்தன.

சோதனையால் ஆகக்கூடியதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டிற்று. 2000ஆம் ஆண்டில் அங்கே 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள் ஒரு சோதனைக்கு அழைக்கப்பட்டனர். நீர்த்த அசற்றிக் கமிலத்தைக் கருப்பைக் கழுத்திலே தடவி, வெள்ளை நிறம் காண்கின்றதா என்று பயிற்றப்பட்ட தாதி வெறுங் கண்ணாற் பார்ப்பாள், அவ்வளவுதான். 2007இல் முடிவு வந்தது: கழுத்துப் புற்றால் நேரும் மரணம் 35 வீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்காக அச்சோதனையின்றி விடப்பட்ட ஊர்களின் பெண்களை எண்ணி மனம் கசந்தவர்களும் உண்டு, அக்கசப்பு நியாயமானது. என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. அழைக்கப்பட்டோருள் வந்தவர் 31,343 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வரவே இல்லை.

அவர்கள் ஏன் வரவில்லை என்பதை அறிய நான் திண்டுக்கல்லுக்குப் போகவேண்டியதில்லை. இலங்கையிலே சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996இல் தொடங்கின, கட்டணமில்லை. எம்மூர்ப் பெண்களோ, "எனக்கென்ன வருத்தம், நான் ஏன் போகோணும்?" என்பார்கள். போனால் ஊர் என்ன நினைக்கும் என்பதே அதன் பொருள்.

2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியர்க்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி பாடசாலைகளிலே போடப்படுகின்றது. என் வகுப்பிலே சம்மதக் கடிதம் கொடுத்த அன்று தகப்பன் ஒருவர் வந்து, "கலியாணம் முடிக்காத புள்ளைக்கு இது என்னத்துக்கு ரீச்சர்?" என்று கோபித்தார். அவருக்கு விளக்கம் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. பக்கத்திலே நின்ற அவர் மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர் கையொப்பமிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன சமயம் பார்த்து அப்பெண் மெதுவாகக் கேட்டாள்:

"அந்தக் கிளினிக்கு என்ன நாள் ரீச்சர்? எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிட்டு."