மூன்றாவது பின்



போன வாரம் எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் பழைய மாணவர் போனில் கேட்டார்: "சார், ஆபீஸ் ரூம் டேபிள் ஃபேன் நல்லாத்தானே ஓடுது, அதுக்கு எதுக்கு டெஸ்ட்?" போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1913 அக்டோபர் 14. வேல்ஸில் செங்ஹெனித் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவரும் இறந்தார். அந்தக் காலச் சுரங்கங்களில் சைகை கொடுக்க மின்மணி உண்டு. இரண்டு வெற்றுக் கம்பிகளைத் தொட வைத்தால் மணி அடிக்கும். மின்சாரம் சில பேட்டரிகளில் இருந்து வருவதுதான், இதில் என்ன ஆபத்து என்றே நினைத்திருந்தார்கள். விசாரணையில் காரணம் உறுதியாகவில்லை. ஆனால் சந்தேகம் அந்தக் கம்பிப் பொறியின் மேலும் விழுந்தது. பிறகு வீலர் என்ற விஞ்ஞானி சோதித்துப் பார்த்தார். பேட்டரி சிறியதுதான், ஆனால் சுற்று விடுபடும் நொடியில் மணிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தான் சேர்த்து வைத்த ஆற்றலைப் பொறியாகத் தள்ளுகிறது. (மின்காந்தத் தூண்டல்! பின் பெஞ்ச் ஆட்களுக்கு நினைவிருக்கிறதா?) சுரங்க வாயு பற்றிக்கொள்ள அந்தப் பொறி போதும். வாயுவுக்குள் வைத்துச் சோதித்த சாதனத்தை மட்டுமே உள்ளே விடுவது என்ற முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. மணி அதுவரை ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கம் இந்தப் பயம் புதிதல்ல. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை உங்களுக்குத் தெரியும். பட்டாசு அதற்குப் பின் வந்தது. மருந்து கலக்கும் ரூமில் பல்பு தொங்காது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. செல்போன் கேட்டோடு நிற்க வேண்டும். ஆபீஸ் ரூமில்தான் நமக்கு அலட்சியம். கையில் தூக்கிப் போகிற சாமான் எங்கே வேண்டுமானாலும் போகும், அதன் வயர் மிதிபடும், இழுபடும்.

அந்த வயரைச் சோதிக்கும் கருவியை நம் எலக்ட்ரீஷியன்கள் மெக்கர் என்பார்கள். லண்டனில் எவர்ஷெட் என்பவர் 1889-இல் உருவாக்கியது. 1903-இல் அந்தப் பெயர் பதிவானது. 230 வோல்ட் சாமானுக்கு 500 வோல்ட் கொடுத்து, உள்ளே போகும் கம்பிக்கும் வெளி உடலுக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்தச் சாமானை ஒதுக்கி வைக்க வேண்டும். எர்த் இணைப்பு அறுந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நம் நாட்டின் பழைய 1956 மின்சார விதிகளில் 61ஆவது எர்த்தைப் பற்றியதாகத்தான் இருந்தது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இரும்பு உடம்பு டேபிள் ஃபேன் ஒன்று இருந்தது. காற்று பிரமாதமாக வரும். ஒருநாள் கூட்ட வந்த அம்மா ஈரக் கையோடு அதை நகர்த்தப் போய்த் தூக்கி எறியப்பட்டார். நல்லவேளை, கை விட்டுப் போனதால் பிழைத்தார். போர்டில் இரண்டு ஓட்டைதான் என்பதால் யாரோ பிளக்கின் மூன்றாவது பின்னை அறுத்திருந்தார்கள். அது ஏன் மற்ற இரண்டையும்விட நீளம் என்று வருஷா வருஷம் பரீட்சையில் கேட்டவன் நான். முதலில் எர்த் சேர வேண்டும் என்று எல்லாரும் சரியாக எழுதுவீர்கள். என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்த பிளக்கை நான் குனிந்து பார்த்ததில்லை. மெக்கர் வைத்தபோது முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

அந்த ஃபேனை ஏலத்தில் விடச் சொன்னார்கள். நான் வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.