சோழகங்கம்

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர் கங்கைகொண்ட சோழபுரம். மகா சிவராத்திரியன்றும், ஐப்பசித் திங்கள் முழுமதி நாளில் நடைபெறும் அன்னாபிடேகத்தின்போதும் அங்கு அடியார் கூட்டம் பெருகுகின்றது. 13 அடி உயரமுள்ள இலிங்கத் திருமேனியை அன்னம் மூடி நிற்கும் காட்சியைக் கண்டு மக்கள் உள்ளம் உருகுகின்றனர். ஆயினும், அவருள் ஊருக்கு மேற்கேயுள்ள ஏரியை நினைப்பவர் சிலரே. உண்மையில் அந்நகரின் வரலாறு ஏரியோடு பிணைந்தது.

முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1023 அளவில் தன் படையைக் கங்கைக்கரை வரை செலுத்தினான். வென்று மீண்ட படைத்தலைவனைக் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். பின்னர்ச் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். அதனை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. வெற்றிக்குக் கல்லில் தூண் நாட்டுவது மன்னர் வழக்கம். இவனோ நீரில் நாட்டினான். அந்நீர் அடியார்க்குப் புனிதமாயிற்று, உழவர்க்கு உணவாயிற்று. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் வழியே ஏரிக்கு நீர் வந்தது.

சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிய இவ்வூர், 1279 அளவில் அவர் ஆட்சி முடிவுற்றபின் பொலிவிழந்தது. ஏரியும் பேணுவாரின்றிப் பாழ்பட்டது. 1855-ஆம் ஆண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று, 16 மைல் நீளமுள்ள கரையையும், காடு மண்டிக் கிடந்த ஏரியின் உட்பரப்பையும் வருணிக்கின்றது.

அக்குறிப்பு மற்றொரு துயரச் செய்தியையும் உரைக்கின்றது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் கருங்கல் மதில் இடிக்கப்பட்டு, அக்கற்கள் அணைக்குப் பயன்படுத்தப்பட்டன. ஊர்மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர். அதற்காகத் தண்டனையும் பெற்றனர். மாற்றாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கூறப்பட்ட உறுதிமொழியும் காப்பாற்றப்படவில்லை. நீரைத் தேக்கி நாட்டை வளப்படுத்திய மன்னனின் கோயில் மதில், மற்றொரு நீர்ப்பணிக்காகவே இடிபட்டது வருந்தத்தக்க விந்தையன்றோ?

2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சோழகங்கமோ பொன்னேரி என்னும் பெயருடன், முன்னைய பரப்பில் சுருங்கி, இன்றும் இருக்கின்றது. மாணவர்களே, அங்குச் செல்லும்போது விமானத்தை வணங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கரையிலும் சற்று நில்லுங்கள். அன்று அவ்வூர் மக்கள் தம் கோயிலுக்காக வாதாடினார்கள். இன்று ஏரிக்காக வாதாட வேண்டியவர்கள் நாம்.